மடையைத் திறக்கிறவனுக்கு மண் எங்கே?

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'விவசாயமும் அறிவியலும்' என்று தலைப்புக் கொடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் விவசாயக் கல்லூரியில் படித்தவன் இல்லை. வங்கியில் கிளார்க். கவிதை எழுதுகிறேன் என்பதால் மேடை ஏற்றிவிட்டீர்கள். ஆனா எனக்கு ஒரு தகுதி இருக்கு. நாள் பூராவும் என் கவுண்டருக்கு முன்னால் விவசாயிகள் வந்து நிற்கிறார்கள். அதில் யார் விவசாயி, யார் விவசாயி இல்லை என்று முடிவு செய்கிற தாள் முதலில் என் கைக்குத்தான் வருகிறது. சிட்டா, அடங்கல். அந்தத் தாளைப் பற்றியும், அந்தத் தாளில் பேர் இல்லாத ஒருவரைப் பற்றியும் பேசுகிறேன்.

அவர் என் பெரியப்பா. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கு நீர்க்கட்டி. எங்க தாத்தாவும் அதே கண்மாய்க்கு நீர்க்கட்டிதான். ஒரு நாள் பெரியப்பா நான் வேலை பார்க்கும் கிளைக்கு வந்தார். ஒரு ஏக்கர் வாரத்துக்குப் பிடித்திருந்தார். "பயிர்க்கடன் குடுப்பாங்களாப்பா?" என்று கேட்டார். பட்டா இல்லை. குத்தகைப் பத்திரம் இல்லை. இல்லை பெரியப்பா என்றேன். அவர் கோபப்படவில்லை. "கம்மாயில எத்தனை நாளைக்குத் தண்ணி நிக்கும், எத்தனை ஏக்கர் விளையும்னு தெரிஞ்சவனுக்கு இல்ல. சரி" என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். அடுத்த வாரம் அதே ஆயக்கட்டில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் வந்தார். மதுரையில் குடியிருப்பவர், வயலைப் பார்த்து வருசக்கணக்காச்சு. அவருக்குக் கடன் கிடைத்தது. தாளை எடுத்து மேலதிகாரி மேசையில் வைத்தவன் நான்தான்.

விதியில் இடமில்லையா? இருக்கு. குத்தகைக்காரர்களுக்கும் வாரதாரர்களுக்கும் கடன் தரலாம் என்றுதான் 1998ல் வந்த கிசான் கிரெடிட் கார்டுத் திட்டம் சொல்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் இருக்கு. ஆனா எந்த நிலக்காரர் எழுதிக் கொடுப்பார்? எழுதிக் கொடுத்தால் 1955ம் வருசக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வெளியேற மாட்டான் என்கிற பயம். அதனால் வாரம் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. வாய்ப்பேச்சு வங்கிக்குள் நுழையாது.

இனி நீர்க்கட்டி என்றால் யார் என்று சொல்கிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் உண்டு. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் கண்மாய் இல்லாமல் ஊரே இல்லை. கண்மாய்த் தண்ணியை மடை திறந்து, வாய்க்கால் வழியாக வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்சுகிறவர் நீர்க்கட்டி. நீர்பாய்ச்சி என்பார்கள், மடைக்குடும்பன் என்பார்கள், ஊருக்கு ஊர் பேர் மாறும். பெரும்பாலான ஊர்களில் அந்த வேலை தலித்துகளுடையது. தகப்பனுக்குப் பிறகு மகன்.

அவருடைய வேலை மடை திறப்பதோடு முடியாது. மழைக்கு முன்னால் வரத்துக்காலைப் பார்க்கணும். அடைமழையில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற ராத்திரியில், மம்பட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு கரை நெடுகிலும் நடக்கணும். நண்டு வளை, எலி வளை வழியாகக் கசிவு விழுகிறதா, கசிகிற தண்ணி தெளிவா வருதா, கலங்கி வருதா என்று பார்க்கணும். கலங்கி வந்தால் கரை மண் உள்ளுக்குள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். இன்றைக்குப் பொறியியல் புத்தகம் மண் அணை எப்படி உடையும் என்று இதைத்தான் எழுதுகிறது. பெரியப்பா அதை உள்ளங்காலில் வைத்திருந்தார்.

பழைய கண்மாய்களில் குமிழித்தூம்பு என்று ஒன்றைப் பார்க்கலாம். கரையிலிருந்து உள்ளே தள்ளி இரண்டு கல் தூண். அடியில் கல் தொட்டி. தொட்டியின் மேலே ஒரு துளை, அது நீரோடி. கீழே பக்கவாட்டில் துளைகள், அது சேறோடி. மேல் அடைப்பைத் தூக்கினால் தண்ணி இறங்கும், அந்த இழுப்பில் அடிச்சேறும் கலந்து வெளியேறும். கண்மாய் சீக்கிரம் தூர்ந்து போகாது, வயலுக்கு வண்டலும் போய்ச் சேரும். கல்வெட்டில் தூம்பு வைத்தவன் பேர் இருக்கும். நிறைந்து கிடக்கிற தண்ணிக்குள் மூச்சை அடக்கி முங்கிப்போய் அடைப்பைத் திறந்தவன் பேர் இருக்காது. முங்கினவர்கள் எல்லாரும் மேலே வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணி கட்டி நிற்க வேண்டியதில்லை. ஈரம் வற்றி மயிர்க்கோடாக வெடிப்பு விடும்போது மறுபடி பாய்ச்சினால் போதும் என்று இப்போது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிறது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று அதற்குப் பேர். மடகாஸ்கரில் 1980களில் உருவான ஒற்றை நாற்று நடவிலும் இதுதான் பாசன முறை. நல்ல விசயம். ஆனா கண்மாயில் தண்ணி குறைகிற வருசமெல்லாம் முறை வைத்து, நாலு நாள் காயவிட்டு, எல்லா வயலையும் சாகாமல் கரையேற்றினானே நீர்க்கட்டி, அவன் செய்தது என்ன? நாற்றின் வேர் அறுபடாமல் பிடுங்கி, கயிறு பிடித்து நடுகிற எங்க பெரியம்மாக்கள் செய்வது என்ன? அவர்கள் செய்தால் கூலி வேலை. மற்றவன் எழுதினால் தொழில்நுட்பம்.

1889ல் வோல்க்கர் என்றொரு வேளாண் வேதியியலாளரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள், இந்திய விவசாயத்தைத் திருத்துவதற்கு வழி சொல்லச் சொல்லி. சுற்றிப் பார்த்துவிட்டு 1893ல் வந்த அறிக்கையில் இந்தியக் குடியானவனின் கவனத்தையும் திறமையையும் மெச்சினார். அந்தப் பாராட்டை இன்றைக்கும் எடுத்துக் காட்டாத இயற்கை விவசாய மேடை இல்லை. அந்தக் குடியானவனின் வயலில் களை எடுத்தது யார், தண்ணி பாய்ச்சியது யார் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்பதில்லை. 'பாரம்பரிய அறிவு' என்கிறார்கள். யாருடைய பாரம்பரியம்?

மடையன் என்று திட்டுகிறோமே, அது மடை திறக்கிறவனைக் குறித்த சொல்தான் என்று சிலர் பேசுகிறார்கள். அகராதி அதை மடமையோடு சேர்க்கிறது. சொல் எங்கிருந்து வந்தது என்று சண்டை போட நான் வரவில்லை. ஆனா எங்க பெரியப்பாவை "ஏ மடையா" என்று கூப்பிட்டவர்கள் இரண்டு அர்த்தமும் தெரிந்தேதான் கூப்பிட்டார்கள்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஆயக்கட்டில் நிலம் உள்ள யாரும் தானாக மடையைத் தொடக்கூடாது, நீர்க்கட்டிதான் தொடணும் என்பது ஊர்க் கட்டு. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள்: "அவனுக்கு நிலமில்ல. அதனால ஓரவஞ்சனை பண்ண மாட்டான்." கேட்கும்போது நியாயம் மாதிரி இருக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க தோழர்களே. ஒரு சாதியை நிலமில்லாமல் வைத்துவிட்டு, அந்த இல்லாமையையே அவனுடைய தகுதியாக மாற்றியிருக்கிறார்கள். அவன் நடுநிலைக்குப் பிணை அவனுடைய வறுமை. இந்த வருசம் எத்தனை ஏக்கர் பயிர் வைக்கலாம் என்று சாவடியில் கூட்டம் நடக்கும். கண்மாயில் எவ்வளவு தண்ணி என்று அவன்தான் சொல்லணும். எங்க ஊரில் அதையும் சாவடிக்கு வெளியே நின்றுதான் சொன்னார்கள்.

அதனால் ஒரு எச்சரிக்கை. நம்ம தோழர்கள் சிலர், 'நாம்தான் நீர் மேலாண்மையின் மூதாதையர்' என்று பெருமை பேசுகிறார்கள். பெருமை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனா அறிவு வேறு, அந்த அறிவைச் சாதியோடு கட்டிப்போட்ட ஊழியம் வேறு. பறையைப் பற்றி நமக்குள் எவ்வளவு விவாதம் நடந்திருக்கு! கலை என்று எடுக்கிறோமா, இழிதொழில் என்று விடுகிறோமா என்று. அதே கேள்வி மடைக்கும் உண்டு.

அம்பேத்கர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். மகாராட்டிரத்தில் மகார்களுக்கு 'வதன்' என்று கொஞ்சம் மானிய நிலம், கொஞ்சம் தானியம். பதிலுக்கு ஊருக்கும் சர்க்காருக்கும் எந்நேரமும் ஊழியம், தலைமுறை தலைமுறையாக. 1927ல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்த கையோடு, 1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் வதன் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். கோரிக்கை என்ன? ஊழியத்திலிருந்து விடுதலை. நிலம் மற்ற குடியானவர்களைப் போல முழுத் தீர்வை கட்டி அவர்கள் பேரிலேயே. சலுகையைக் கூட்டிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. அந்த முறையை ஒழிக்கிற சட்டம் 1958ல்தான் வந்தது, அவர் இறந்த பிறகு. 1942க்கும் 1946க்கும் இடையில் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்கு போன்ற நதித் திட்டங்களுக்கு அடித்தளம் போட்டவரும் அவர்தான். தண்ணீரின் அறிவியலும் தண்ணீரின் உரிமையும் அவருக்கு இரண்டாகத் தெரியவில்லை.

நம்ம பக்கத்தைப் பாருங்க. 1895ல் பெரியாற்றுத் தண்ணி மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. பேரணையிலிருந்து மேலூர் வரை கால்வாய். வானம் பார்த்த பூமி நஞ்சையானது. பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், வைக்கட்டும். காட்டுக்குள் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகளுக்குப் பொங்கல் இல்லை. நஞ்சையானபோது நிலம் யார் பேரில் இருந்ததோ அவர்களுக்குத்தான் விலை ஏறியது. நிலமில்லாதவர்களுக்கு நடவு கூடியது, கொத்து கூடியது, அவ்வளவுதான்.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் 1997 ஜூன் 30ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மற்ற ஐந்து தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தனி ஊராட்சி நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்தது சாதித் திமிருக்குப் பொறுக்கவில்லை. அந்த நாற்காலியோடு கண்மாய், மீன், மரம் என்று ஊர்ப் பொதுச்சொத்தும் வருகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இப்போதைய சட்டங்களைப் பார்ப்போம். 2000ல் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் யார்? நில உடைமையாளர். 2017ல் குடிமராமத்தை மறுபடி தொடங்கினார்கள். எங்க ஊரில் அதற்காக நடந்த கூட்டத்தில் பெரியப்பாவுக்கு நாற்காலி இல்லை. கரையில் எந்த இடம் பலவீனம் என்று கேட்க மட்டும் கூப்பிட்டார்கள். 2019ல் மத்திய அரசு வருசத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்தது, நிலம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு. ஆனா 2007ம் வருசத் தேசிய விவசாயிகள் கொள்கையை எடுத்துப் பாருங்க. விவசாயி என்றால் குத்தகைக்காரர், வாரதாரர், விவசாயக் கூலி எல்லாரும் உண்டு என்று எழுதியிருக்கு. கொள்கையில் நாம் விவசாயி, கவுண்டரில் இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம், விவசாயத் தொழிலாளர் சுமார் 96 லட்சம். விவசாயி என்ற சொல்லுக்கு வெளியே நிற்பவர்கள்தான் இரண்டு மடங்குக்கு மேல்.

இதற்கிடையில் நீர்க்கட்டியின் பிழைப்பும் போச்சு. முன்பு அறுவடையில் வயலுக்கு ஒரு கட்டுக் கதிர், அல்லது மரக்கால் நெல். இப்போ அறுவடை மெஷின் இறங்குது. நெல் நேரே டிராக்டரில் ஏறுது. கட்டே இல்லாதபோது எந்தக் கட்டை எடுப்பது? வீடு வீடாகப் போய்க் கேட்கணும். போர் போட்டவன் "எனக்கெதுக்கு உன் மடைத் தண்ணி" என்கிறான். 1960களில் 9 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு ஏரிப் பாசனம் இருந்தது, இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. மதுரைக்குள்ளே தல்லாகுளம், உலகனேரி என்று பேரில் மட்டும் குளமும் ஏரியும் மிச்சம்.

பெரியப்பா மகன் "நான் மடைக்குப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் செய்தது சரி. இதைச் சொல்லும்போது எனக்குள் ஏதோ ஒன்று வலிக்கத்தான் செய்கிறது, ஏனென்றால் பெரியப்பாவோடு அந்தக் கண்மாயின் கணக்கும் போய்விடும். ஆனா அந்த அறிவைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை அடிமையாக நிறுத்தி வைக்க முடியாது.

அப்போ என்ன கேட்பது? ஒன்று, நீர்க்கட்டி வேலை அரசுச் சம்பளத்தோடு, எல்லாச் சாதிக்கும் பொதுவான வேலையாகணும். 1980ல் பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தார்களே, பரம்பரை ஊழியத்தை ஒழிக்க மட்டும் ஏன் கை வரவில்லை? இரண்டு, பாசனச் சங்கத்தில் வாரதாரருக்கும் கூலிக்காரருக்கும் ஓட்டு. மூன்று, அடங்கலில் உண்மையில் உழுகிறவன் பேர், உழுகிறவள் பேர். நான்கு, நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதை மீட்கக் கேட்டதற்காக 1994ல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. லீவுக்கு ஊருக்குப் போறப்ப கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேளுங்க. டி.சி. நிபந்தனை நிலம் என்று எதாவது இருக்கா பாருங்க. தரமாட்டேன் என்றால் 2005ம் வருசத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. அப்படியே உங்க ஊர் நீர்க்கட்டியைத் தேடிப் போய்க் கரையில் அவரோடு ஒரு நாள் நடங்க. மடை எத்தனை, முறை எப்படி, கரை எங்கே பலவீனம் என்று அவர் சொல்கிறபடி எழுதி, அவர் சம்மதித்தால் அவர் பேரையும் போடுங்க. கல்வெட்டில் விட்டுப்போன பேர்.

போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா ராத்திரி கரைக்குக் கிளம்பினார். வயசான காலத்தில் எதுக்கு, உங்களுக்கு ஒரு சென்ட் நிலம் உண்டா என்றேன். "கரை ஒடஞ்சா தண்ணி மொதல்ல நம்ம தெருவுக்குத்தான்டா வரும்" என்றார்.

பள்ளத்தில் நம் தெருவை வைத்தவர்கள் யார் என்பதுதான் இந்த நாட்டு விவசாயத்தின் முதல் பாடம். அதிலிருந்து படிக்க ஆரம்பிப்போம்.

ஜெய் பீம்.