கோட்டுக்கு வெளியே நிற்பவர்

பட்டம் பெறும் பிள்ளைகளே!

குறிஞ்சிப்பிட்டிப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலில் ஓடிப் பழகிய கால்கள் உங்களுடையவை. அதனால், ஆடுவதை நிறுத்திய பிறகு ஒரு வீரர் என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

1980களில் டாக்காவின் ஆபஹானி கழகத்தில் பின்கள வீரராக ஆடியவர் நம் நாட்டுப் பக்கீர் அலி. வருகிற பந்தைத் தடுப்பது அவர் தொழில். தன் காலை நம்பிச் செய்த தொழில். பிறகு பங்களாதேஷில் பயிற்றுவிப்பாளரானார். 2018இல் இலங்கைத் தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

கைக்கு வந்தது அணிதான், பந்து அல்ல. ஆபத்து எந்தப் பக்கம் வருகிறதென்று பயிற்றுவிப்பாளருக்கு முதலில் தெரியும். கால் துடிக்கும். ஆனாலும் கோட்டைத் தாண்ட முடியாது. தன் கால் அறிந்ததை வாயால் சொல்லி, இன்னொருவன் காலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கரைவலை இழுக்கும்போது, நீரின் நிறத்தைப் பார்த்துக் கரையிலிருந்து சைகை காட்டும் ஒருவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் கயிற்றைத் தொடுவதில்லை. ஆனால் உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய காய்ப்பு அங்கே இருக்கும்.

2018 செப்டெம்பரில் டாக்காவில் தெற்காசிய அணிகளுக்கான சாஃப் கிண்ணம். இலங்கை இந்தியாவிடம் 0-2 எனத் தோற்றது, மாலைதீவுடன் 0-0. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 0-2. இரண்டு அணிகளையும் பிரிக்க வழியில்லாமல் நாணயத்தைச் சுண்டினார்கள். நம் அணி வீடு திரும்பியது. அரையிறுதிக்குப் போன மாலைதீவு, கிண்ணத்தையே வென்றது.

அடுத்த வருடம் அதிர்ஷ்டம் முகம் மாற்றியது. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மக்காவ்விடம் முதல் ஆட்டத்தை 0-1 என இழந்தோம். இரண்டாவது ஆட்டத்துக்கு அவர்கள் கொழும்புக்கு வரவில்லை. வெற்றி நமக்கு வழங்கப்பட்டது. வாசல் திறந்தது. உள்ளே வட கொரியாவும் தென் கொரியாவும் காத்திருந்தன. செப்டெம்பர் 10ஆம் திகதி வட கொரியாவிடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். சரியாக ஒரு மாதம் கழித்துத் தென் கொரியாவிடம் 0-8.

பிள்ளைகளே, வாசலைத் திறப்பதும் மூடுவதும் பல நேரம் ஒரு நாணயம்தான். நேர்முகத் தேர்விலும் அதைக் காண்பீர்கள். மூடினால் உங்களைக் குறைவாக எண்ணாதீர்கள்; திறந்தால் பெருமைப்படாதீர்கள். உள்ளே போன பிறகு கை கொடுப்பது பழக்கம் ஒன்றே.

அந்தப் பழக்கத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது தனி வேலை. ஆட்டத்தில் பேரெடுத்தவர்கள்கூடப் பயிற்றுவிப்பாளராக வேண்டுமானால் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து, சி, பி, ஏ, புரோ என்று உரிமங்களைப் படிப்படியாகப் பெற வேண்டும். தெரிந்திருப்பது வேறு, தெரியவைப்பது வேறு என்பதால்தான்.

இன்றைய பட்டம், உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. மற்றதற்கு நீங்களே சாட்சி தேட வேண்டும். இன்றிரவு தம்பியோ தங்கையோ கணக்குக் கொப்பியோடு உங்களிடம் வரலாம். விடை உங்களுக்கு உடனே தெரியும், கை துடிக்கும்.

பேனாவை வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.