அவெய்ரோ: கால்வாய்க் கரையில் ஒரு நடை



போர்த்துக்கேயர் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன கோட்டையும் பீரங்கியுமே. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர் என்றும், 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று அகன்றவர் என்றும் வரலாற்று நூல்களில் அவர்களைக் கற்கின்றோம். அவர்தம் தாய்நாட்டிலே உப்பு விளைத்தும் பாசி வாரியும் வாழ்ந்த எளிய மக்களைப் பற்றி நாம் அறிந்தது சொற்பம். அத்தகையோரின் ஊராகிய அவெய்ரோவைக் கால்நடையாகச் சுற்றிக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

போர்த்தோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், அத்திலாந்திக் சமுத்திரத்தை அடுத்த பெரியதொரு களப்பின் ஓரத்தில் அமைந்தது இந்நகர். பழைய புகையிரத நிலையத்தின் சுவர்களே முதற் பாடநூல். 1916ஆம் ஆண்டளவில் பதிக்கப்பட்ட நீல ஓடுகளில் ஊரின் காட்சிகளும் மக்களின் தொழில்களும் தீட்டப்பட்டுள்ளன. அங்கிருந்து நேராகச் செல்லும் அகன்ற வீதியில் நடந்தால் நடுக் கால்வாயை அடையலாம்.

'போர்த்துக்கலின் வெனிஸ்' என்று விளம்பரங்கள் இதனைப் புகழ்கின்றன. அது மிகை, கால்வாய்கள் சிலவே. ஆயினும் இவ்வூரின் கதை எவர்க்கும் இரவல் அன்று. 959ஆம் ஆண்டின் சாசனமொன்றிலேயே இங்குள்ள உப்பளங்கள் குறிப்பிடப்படுகின்றன. உப்பாலும் மீனாலும் செழித்த துறைமுகத்தை 1575ஆம் ஆண்டின் கடும்புயல் தாக்கியது. களப்பின் வாயை மணல் அடைத்தது. கப்பல்கள் வரவில்லை, தேங்கிய நீர் நோயை வளர்த்தது, மக்கள் பலர் ஊரைவிட்டுப் போயினர். 1808ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதியன்றுதான் பொறியியலாளர் புதிய கடல்வாயைத் திறந்தனர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கடலை இழந்திருந்த ஊர் மீண்டும் மூச்சு விட்டது.

கால்வாயில் மிதக்கும் வண்ணப் படகுகளுக்கு மொலிசெய்ரோ என்று பெயர். களப்பின் அடியில் வளரும் பாசியை வாரிக் கொணர்ந்து, மணற்பாங்கான வயல்களுக்கு எருவாக இடுவதற்கென்றே இவை கட்டப்பட்டன. ஏறத்தாழ 15 மீற்றர் நீளம், வளைந்துயர்ந்த முகப்பு. அம்முகப்பிலும் பின்புறத்திலும் அரசரும் புனிதரும் காதலரும் சித்திரிக்கப்பட்டிருப்பர். கீழே குறும்பான வாசகமொன்றும் இருக்கும். செயற்கை உரம் பெருகியதும் பாசித் தொழில் நலிந்தது. இன்று அதே படகுகள் இயந்திரம் பூண்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

கால்வாயின் வடபால் உள்ள பெய்ரா மார் என்னும் பகுதி மீனவரும் உப்பளத் தொழிலாளரும் குடியிருந்த இடம். ஒடுங்கிய தெருக்களின் நடுவே சிறு தேவாலயமொன்று நிற்கின்றது. ஜனவரி மாதத்துப் புனித கொன்சாலின்யோ திருவிழாவில், நேர்த்திக்கடன் வைத்தோர் அதன் மாடத்திலேறிக் கடினமான சர்க்கரைப் பணியாரங்களை வீச, கீழே நிற்போர் வலையும் குடையும் ஏந்திப் பிடிப்பர்.

அண்மையிலுள்ள மீன்சந்தைச் சதுக்கத்தில் களைப்பாற அமரலாம். போர்த்துக்கல் திராட்சை மதுவுக்குப் பேர்பெற்ற நாடெனினும், நடந்து வந்தவர் நாடுவது குளிர்ந்த பியரையே. சிறு கண்ணாடிக் குவளையில் வரும் அதனை இப்பகுதியார் 'பீனு' என்பர்; லிஸ்பன்காரர் 'இம்பெரியால்' என்பர். 1927 முதல் விளங்கும் போர்த்தோவின் சூப்பர் பொக் எங்கும் கிடைக்கும். உப்புநீரில் ஊறிய லூப்பின் பருப்பு அதற்குத் துணை. குவளை வைக்கும் மேசையும், பார்க்கும் யன்னலும், தட்டிலுள்ள பாணும் போர்த்துக்கேயர் நம் மொழியில் விட்டுச் சென்ற சொற்களே என்பதை அங்கே நினைவுகூரலாம். மதுவை விரும்பாதார்க்கு, மெல்லிய அப்பத்தோட்டினுள் முட்டைக்கருவும் சீனியும் கலந்த 'ஓவுஷ் மோலெஷ்' உண்டு. கன்னிமடங்களில் பிறந்த இனிப்பு அது.

தொழில் மறைந்தபின் அதன் கருவியை மட்டும் அலங்கரித்து வைத்தல் தகுமா என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. பாசி வாராத படகு பாதிப் படகுதான். ஆயினும் பயணிகள் ஏறுவதால் அவற்றைச் செப்பனிடும் தச்சருக்கும் வண்ணந்தீட்டும் ஓவியருக்கும் வேலை எஞ்சியிருக்கின்றது. கைத்திறன் உயிரோடிருப்பதற்கு அதனைக் கூலி கொடுத்து வேண்டுவோர் இருத்தல் அவசியம். வெறும் போற்றுதலால் எந்தப் படகும் மிதப்பதில்லை.