ஒரே பாடநூலில் இரு பெயர்கள்

(பால்மரத் தோட்டமொன்றில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ரிங்லெட்டில் பிறந்து வளர்ந்த தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



நீங்கள் விடியுமுன் எழுந்து மரம் வெட்டச் செல்பவர்கள். நானோ கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். உங்கள் கையில் வாளி. என் தாயாரின் முதுகில் கூடை. மற்றபடி லயமும், பிரட்டும், ஆயாக் கொட்டகையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலும் நம் இரு சாராருக்கும் பொதுவானவையே. பள்ளிக்கூடமும் அவ்வாறே. அப்பள்ளியைப் பற்றித்தான் இன்று பேச விழைகின்றேன்.

ரிங்லெட் பட்டணத்திலிருந்து உள்ளே செல்லும் வளைந்த மண்சாலையின் ஓரத்தில், தகரக் கூரையிட்ட பலகைக் கட்டடமாக எங்கள் பள்ளி நின்றது. நான் 1987-ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது மாணவர்கள் மொத்தம் நாற்பது பேர்கூட இல்லை. கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான இடமாதலால் காலையில் மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடும். சுண்ணக்கட்டி ஈரம் பட்டுப் பலகையில் எழுதாது. இரும்புத் துண்டில் மணி அடிக்கும்வரை, கிழக்குச் சுவரில் விழும் சிறிதளவு வெயிலுக்காக நாங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்போம். அவ்வெயிலில் இடம்பிடிக்க நிகழ்ந்த சண்டைகளை எண்ணினால் இன்றும் சிரிப்பு வருகின்றது.

இத்தகைய பள்ளிகள் தாமாக முளைத்தவை அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் சட்டத்திற்காக ஒரு கொட்டகை எழுந்தது. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சுதந்திரம் பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தும், சிறு பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டும், இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே உள்ளன. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டுக் கிராமங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய பள்ளிகள் 1930-இல் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இருந்தன. 1970-இல் அவை இரண்டாயிரத்திற்கும் குறைந்துபோயின. சாலை வந்தது, பேருந்து வந்தது, பள்ளி போயிற்று. அங்கும் முதியோர் தம் ஓரறைப் பள்ளியை நினைந்து ஏங்குகின்றனர்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் ஒரே அறையில் அமர்ந்தன. ஆசிரியர் கரும்பலகையின் நடுவே கோடொன்று கிழிப்பார். இடப்புறம் ஆறாம் ஆண்டுக் கணக்கு, வலப்புறம் எங்களுடையது. எங்களுக்குப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு அவர் அப்பக்கம் திரும்பியதும் எங்கள் காதுகளும் அப்பக்கமே திரும்பும். அடுத்த ஆண்டுப் பாடத்தை ஓராண்டு முன்னரே ஒட்டுக்கேட்டுக் கற்றோம். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதையே ஒரு முறையாக எனக்குக் கற்பித்தபோது, இதை நான் ஏற்கெனவே அறிவேனே என்று எண்ணிக்கொண்டேன். ஆயினும் அதை அளவுக்கு மீறிப் புகழவும் மனமில்லை. ஒருவருடைய கவனத்தை இரு வகுப்புகள் பங்கிட்டுக்கொண்டன. மந்தமான பிள்ளை மந்தமாகவே இருந்துவிட்டது. நூலகம் என்பது பூட்டிய ஓர் அலமாரி. காற்பந்துக்குப் பதினொருவர் சேராமல் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆடினோம். அதில் மட்டும் குறையொன்றும் இல்லை.

அந்த இடப்புறத்து வகுப்பில் ஓர் அக்காள் இருந்தார். எங்கள் லயத்திற்கு அடுத்த லயத்தவர். ஆசிரியர் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவார். இலை நிறுக்கும் இடத்தில் தம் தாயாரின் எடையையும் கூலியையும் மனத்திலேயே பெருக்கி, கணக்கில் பிழையிருந்தால் அச்சமின்றிச் சுட்டிக்காட்டுவார். 1991-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினார். 1988-இல் தொடங்கி 2021-இல் நீக்கப்பட்ட அத்தேர்வில் எங்கள் பள்ளியில் அவ்வாண்டு அவரே முதல்வர்.

ஆனால் அவர் புகுமுக வகுப்பிற்குச் செல்லவில்லை. தாயார் நோயுற்றிருந்தார், கைக்குழந்தை ஒன்று இருந்தது, இடைநிலைப் பள்ளிக்கோ நாள்தோறும் பேருந்தில் சென்றுவர வேண்டும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஜனவரியில் நாங்கள் பள்ளிக்குச் சென்றோம். அவர் தம்பியை இடுப்பில் ஏந்தி வாசலில் நின்றார்.

அவ்வாண்டு எனக்குப் பாடநூல் இரவல் திட்டத்தின்கீழ் ஆறாம் ஆண்டுக் கணக்கு நூல் கிடைத்தது. அத்திட்டம் 1975-இல் தொடங்கப்பட்டது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அந்நூலின் உள்ளட்டையில், பயன்படுத்தியவர் பெயர்களை எழுதும் கட்டங்கள் இருந்தன. என் பெயருக்கு மேற்கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. பக்க ஓரங்களில் பென்சிலால் விரைவு வழிகள் குறித்திருந்தார். அழிக்க வேண்டும் என்பது விதி. நான் அழிக்கவில்லை, அவற்றைப் பார்த்தே தேர்வுக்குப் படித்தேன். இறுதிப் பாடமான கனஅளவில் மட்டும் குறிப்பு ஏதும் இல்லை. அவர்கள் ஆண்டில் ஆசிரியர் இடமாற்றமாகிச் சென்றதால் அப்பாடம் நடத்தப்படவே இல்லை.

தாய்மார்களே, 2003-ஆம் ஆண்டு முதல் தொடக்கக்கல்வி நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஏழ்மையுற்ற மாணவர்க்கான அறநிதி அதே ஆண்டில் அமைந்தது. விடுதிகள் உள்ளன. மூத்த பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்த எண்ணும் நாளில், முடிவெடுக்குமுன் தலைமையாசிரியரைச் சென்று காணுங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியவில்லையெனில் எங்கள் அலுவலகத்திற்கு வாருங்கள். இதைச் சொல்லவே சம்பளம் வாங்குகின்றேன்; எனினும் சம்பளத்திற்காக மட்டும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ரிங்லெட்டிற்குச் சென்றிருந்தேன். பள்ளி இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்கிடையே தெரிந்தது. திரும்பும் வழியில், தேயிலை வெட்டும் கத்தரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவ்வக்காள் எதிரே வந்தார். நான் அடையாளம் காணுமுன் அவரே, "தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார். நலம் விசாரித்தபின், நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பாடம் உங்களுக்காவது நடத்தினாங்களா?"

நடத்தினார்கள் என்றேன்.

"எம் மகள் இப்போ படிவம் நாலு. அவ ஆறாவது படிச்சப்போ ஒருநாள் ராத்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்தா. நீளம், அகலம், உயரம், அவ்வளவுதானே தம்பி? அதுக்கா இத்தனை வருசம் பயந்துகிட்டு இருந்தேன்" என்று கூறிச் சிரித்துவிட்டு, மழைக்குமுன் ஒரு நிரை முடிக்க வேண்டுமென்று மேட்டில் ஏறிச் சென்றார்.