ஃபிரிட்ஜ் சுவருக்குள் சர்க்கரை

ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருந்து குளிரைக் காப்பது பாலியூரித்தேன் என்னும் கெட்டி நுரை. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்தது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு பொருள்கள் வினைபுரிந்தால் இது உருவாகும்.

காப்பியில் போடும் சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 8 ஹைட்ராக்சில் தொகுதிகள். இவை ஐசோசயனேட்டுடன் பல பக்கமும் பிணைவதால் நுரை இறுகும். அதனால் பாலியால் தயாரிப்பில் சர்க்கரை நெடுங்காலமாகவே பயன்படுகிறது. ஆனால் கூடச் சேரும் புரொப்பிலீன் ஆக்சைடு பெரும்பாலும் பெட்ரோலியத்தில் வருவது.

ஐசோசயனேட்டிலும் பெட்ரோலியத்தைக் குறைக்க இப்போது வழி பிறந்திருக்கிறது. ஜெர்மனியின் கோவெஸ்ட்ரோ நிறுவனம், 70 சதவீதம் வரை தாவரக் கார்பன் கொண்ட வகையைப் பூச்சுகளுக்காகத் தயாரிக்கிறது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சர்க்கரையில் பிறந்தாலும் பாலியூரித்தேன் எளிதில் மக்காது. இதில் மிச்சமாவது பெட்ரோலியம்; குறைவது குப்பை அல்ல.