விடலைப் பருவ நாயைப் பழக்கும் முறை

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிர், பால் மாடு, கோழி ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று தோட்டத்துக் காவல் நாயைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன். நாய்க்கென்று தனியாக ஓர் உரையா என்று எண்ண வேண்டாம். களத்தில் குவித்த நெல்லுக்கும், பட்டியில் அடைந்த ஆட்டுக்கும், தனித்த தோட்ட வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இரவில் அதுவே காவல். அந்தக் காவல் நல்லபடியாக அமைவது, நாயின் ஆறாம் மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாம் அதை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

குட்டியாக வந்தபோது வீட்டில் எல்லோரும் கொஞ்சுகிறோம். எட்டாம் மாதத்தில் அதே நாய் செருப்பைக் கடித்துக் குதறுகிறது, வருகிறவர் மேல் தாவுகிறது, கோழியைத் துரத்துகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. உடனே சங்கிலி போட்டு வேப்ப மரத்தடியில் கட்டிவிடுகிறோம். சிலர் வண்டியில் ஏற்றிச் சென்று வேற்றூர்ச் சாலையில் இறக்கிவிட்டும் வருகிறார்கள். இரண்டும் தவறு. இந்தப் பருவத்து நாய்க்கு நாள்தோறும் சிறிது பழக்கம், சிறிது வேலை, நல்ல ஓய்வு ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றைக் கொடுத்தால் நாய் தானே வழிக்கு வரும்.

ஏன் சொல் கேட்பதில்லை?

ஆறு மாதத்திற்குமேல் நாயின் உடலில் இனப்பெருக்க இயக்குநீர்கள் சுரக்கத் தொடங்குகின்றன. ஆண் நாய் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கிறது. பெண் நாய் முதல் பருவத்திற்கு வருகிறது. உடல் வளர்ந்துவிடுகிறது, ஆனால் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் இன்னும் முதிரவில்லை.

இதைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்குவதற்காக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இன நாய்களை அதில் சோதித்தார்கள். ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த நாய்கள், எட்டாம் மாதத்தில் வளர்த்தவர் சொன்னபோது தயங்கின. அறிமுகம் இல்லாதவர் சொன்னபோது அந்த அளவுக்குத் தயங்கவில்லை. ஓராண்டு நிறையும்போது நிலைமை சீரடைந்தது. ஆகவே நாய் கற்றதை மறந்துவிடவில்லை, கெட்டும் போகவில்லை. இது வந்து போகும் பருவம். இந்தச் சில மாதங்களில் பொறுமை இழந்து அடிப்பவர், வாழ்நாள் முழுவதற்குமான நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்கிறார்.

நாள் முழுதும் கட்டிப் போட்டால்

துள்ளுகிற வயதில் ஆறடிச் சங்கிலியில் நாள் முழுதும் கிடக்கும் நாய், தெருவில் போகும் எல்லோரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து வெறுப்பை வளர்த்துக்கொள்கிறது. அருகில் வரும் சிறுவன் அதற்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் கடித்துவிடுகிறது. அவிழ்த்தவுடன் கண்மண் தெரியாமல் ஓடுகிறது. அதைக் கண்டு பயந்து மறுபடியும் கட்டுகிறோம். எந்தக் குறையைத் தடுக்கக் கட்டுகிறோமோ அந்தக் குறையைக் கட்டுவதே வளர்க்கிறது.

சட்டமும் இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, வழக்கமாகக் கட்டி வைக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாதிருப்பதும், வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் குற்றமாகும்.

கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. விருந்தினர் வரும்போதும், மருந்து தெளிக்கும்போதும், வயலில் எலி மருந்து வைத்திருக்கும்போதும் கட்டத்தான் வேண்டும். நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில், சில மணி நேரத்திற்கு மட்டும் கட்டுங்கள்.

நாளைப் பகுத்துக்கொள்ளும் முறை

1. காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், மாலையில் வெயில் தாழ்ந்தபின் அரை மணி நேரம் நடத்திச் செல்லுங்கள். வயலுக்கு மடை பார்க்கப் போகும்போதே உடன் அழைத்துப் போகலாம்.

2. ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்தே நிமிடம் பழக்குங்கள். ‘உட்கார்’, ‘இரு’, ‘வா’, ‘விடு’ என்ற நான்கு சொற்கள் போதும். சொன்னதைச் செய்தவுடன் வேகவைத்த முட்டை அல்லது ஈரலில் கடலைப் பருப்பளவு துண்டு கொடுங்கள். தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்பது அதற்கு விளங்காது.

3. மூக்குக்கு வேலை கொடுங்கள். சோற்றை முழுவதும் தட்டில் வைக்காமல், கேழ்வரகுக் களியைச் சிறு உருண்டைகளாக்கி வைக்கோலுக்குள் ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் மோப்பம் பிடித்துத் தேடிய நாய் சுகமாகப் படுத்துவிடும்.

4. பகலில் தொந்தரவில்லாத தூக்கம் வேண்டும். நாய் இரவும் பகலுமாக ஒரு நாளில் பாதி நேரத்திற்குமேல் தூங்கும் பிராணி. மாலையில் காரணமின்றி வெறி பிடித்தாற்போல் சுற்றிச் சுற்றி ஓடிக் கையைக் கவ்வும் நாய் பல வேளைகளில் ஓய்வு போதாத நாய்தான். அப்போது மேலும் ஓட விடாமல் அமைதியான மூலையில் படுக்க விடுங்கள்.

நடத்திச் செல்லும்போது

கழுத்துப்பட்டை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். ஆறடி நூல் கயிறு நல்லது. நைலான் கயிறு இழுபடும்போது கையை அறுக்கும்.

நாய் இழுத்தால் நாமும் எதிர்த்து இழுக்கிறோம். இழுத்தால் போக வேண்டிய இடத்திற்குப் போகலாம் என்றுதான் அது கற்றுக்கொள்கிறது. ஆகவே கயிறு விறைத்தவுடன் நின்றுவிடுங்கள். வையவும் வேண்டாம், வெட்டி இழுக்கவும் வேண்டாம். கயிறு தொய்ந்தவுடன் நடங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் வரப்பைக் கூடத் தாண்டமாட்டீர்கள். விடாமல் செய்தால் சில வாரங்களில் பலன் தெரியும். புதுக் காளையை ஏருக்குப் பழக்கும்போது முதல் நாளே ஒரு குறுக்கம் உழுதுவிட முடியுமா? பழகிய மாட்டோடு பூட்டிச் சிறுகச் சிறுகத்தானே பழக்குகிறோம்? அந்தப் பொறுமை இதற்கும் வேண்டும்.

மோட்டார் வண்டிக்குப் பின்னால் நாயை ஓட விட வேண்டாம். ஒன்றேகால், ஒன்றரை வயது வரை எலும்பின் வளரும் நுனிகள் முற்றியிருக்கமாட்டா. தொடர்ந்து நெடுந்தூரம் ஓடினால் மூட்டு கெடும். நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்திற்கும் சுடும்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவை கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை மரபில் வந்தவை. ஓடுவது முயலானாலும் ஆட்டுக்குட்டியானாலும் பாய்ந்துவிடும். சாலைக்கருகிலும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்கருகிலும் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

கூப்பிட்டால் வர

இருபது அடி நீளக் கயிறு கட்டித் திறந்த வெளியில் பழக்குங்கள். பெயரை ஒரே தடவை சொல்லி ‘வா’ என்று அழையுங்கள். வந்ததும் தின்பண்டம் கொடுத்துத் தட்டிக் கொடுத்து மீண்டும் விளையாட விடுங்கள். வராவிட்டால் நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள். அது பின்னால் வரும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை அடிக்கக் கூடாது. அடித்தால் ‘வா’ என்ற சொல்லுக்கு ‘அடி விழும்’ என்று பொருள் கொள்ளும். அடுத்த தடவை வராது.

தாவுதல், கடித்தல், துரத்துதல்

மேலே தாவினால் பேசாமல் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்டபின் தடவிக் கொடுங்கள். அப்பா தள்ளிவிட, தாத்தா கொஞ்ச என்றிருந்தால் நாய் எதையும் கற்காது. வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கையாள வேண்டும்.

கடித்துப் பார்க்கும் ஆசைக்குப் பழைய பருத்திச் சேலையை முறுக்கி முடிச்சிட்டுக் கொடுக்கலாம். நூலை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. அது சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஆடு, கோழிகளுக்கருகில் முதலில் கயிற்றோடுதான் கொண்டு போக வேண்டும். அவற்றைப் பார்த்தும் அமைதியாக இருந்தால் பரிசு கொடுங்கள். ஒரு தடவை துரத்திப் பிடித்து ருசி கண்டால் பிறகு மாற்றுவது கடினம். துரத்தும் வாய்ப்பே கிடைக்காமல் செய்வதுதான் வழி.

தடுப்பூசியும் கருத்தடையும்

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் முதலில் போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட வேண்டும். விளையாட்டாகப் பல் பட்டுக் கீறினாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது.

பெண் நாய் பருவத்திற்கு வந்தால் ஏறத்தாழ மூன்று வாரம் பாதுகாப்பான இடத்தில் வைத்திருங்கள். குட்டி வேண்டாம் என்பவர்கள் கருத்தடை அறுவைக்கு உரிய வயதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்; காதுப்புண், மூட்டு வலி போன்ற நோவும் காரணமாக இருக்கலாம்.

உழவர் பெருமக்களே! நான் சொன்னவற்றுக்குப் பணச் செலவு அதிகமில்லை. ஒரு கயிறு, ஒரு முட்டை, நாளொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஓராண்டு இப்படிப் பழக்கினால் அடுத்த பத்தாண்டுகளுக்கு நம்பத்தக்க காவல் உங்கள் தோட்டத்தில் இருக்கும். இன்று மாலையே வேப்ப மரத்தடிச் சங்கிலியை அவிழ்த்து, கயிற்றைக் கையில் பிடித்து வரப்பு வரை நடந்து பாருங்கள்.