கழுத்துத் தழும்பும் கைவிளக்கும்

(மாவட்ட மருத்துவமனை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



தைராய்டு அறுவை என்றதும் பெண்ணைப் பெற்றவள் கேட்கும் முதற்கேள்வி, "தழும்பு வெளியே தெரியுமா, டாக்டர்?" என்பதே. மணமாகாத பெண்ணைப் பொறுத்தமட்டில் அது அற்பமான கேள்வியன்று.

1990-களின் இறுதியில் இத்தாலியின் பைசா நகரில் மிக்கோலி என்னும் பேராசிரியர், இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கீறலின் வழியே, 5 மில்லிமீட்டர் உள்நோக்குக் கருவியின் துணையுடன் தைராய்டை அகற்றிக் காட்டினார். பாங்காக்கில் அனுவோங் என்பவர் 2016-இல் கீழுதட்டின் உட்புறம் வழியாக 60 பேருக்கு அறுவை செய்த விவரங்களை வெளியிட்டார். கழுத்தில் தழும்பே இல்லை! பித்தப்பை அறுவைக்கான லாப்ராஸ்கோப் கருவிகளே இதற்கும் பெரிதும் போதுமாதலால், நம்மவர்க்கு ஆசை எழுவது இயல்பே.

ஆனால் மிக்கோலியின் முறை சுமார் மூன்று சென்டிமீட்டர் கட்டிக்கே ஏற்றது. நம் நாட்டிலோ, குறிப்பாக இமயமலை அடிவாரத்தில், கழலை நன்கு பருத்த பின்னரே நோயாளி வருகிறார். மாதத்திற்கு இரண்டு தைராய்டு அறுவை மட்டுமே நடைபெறும் மருத்துவமனையில் உதட்டு வழி முறையைப் பழகத் தொடங்குவது முறையாகாது.

எனவே, நமக்குக் கைகூடுவது யாது? மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே நோயாளியை நிமிர்ந்து உட்காரச் செய்து, கழுத்தின் இயற்கை மடிப்பை மையினால் குறித்துக் கொள்ளுங்கள். படுக்க வைத்துக் கழுத்தைப் பின்சாய்த்த பின் குறித்தால் தழும்பு மடிப்பில் அமையாது. கட்டி சிறிதாயின் அம்மடிப்பில் நான்கைந்து சென்டிமீட்டர் கீறலே போதும். தலையில் அணியும் விளக்கு, உருப்பெருக்குக் கண்ணாடி, முடிச்சிட நூல். மீயொலிக் கத்தி இல்லையே என்று வருந்த வேண்டா. குரல்வளை நரம்பைக் கண்ணால் காணாமல் எதையும் வெட்டலாகாது.

எவ்வளவு அகற்றுவது என்பது கீறலின் நீளத்தைவிடப் பெரிய வினா. சுரப்பி முழுவதையும் இழந்தோர் உடலும் உள்ளமும் மந்தமடைந்ததை சுவிட்சர்லாந்தின் கோச்சர் 1883-இலேயே அறிவித்தார். பின்னர் 1909-இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். இன்று மாத்திரை உண்டு. ஆயினும் அதனை வாழ்நாள் முழுதும் தவறாது உட்கொள்ள வேண்டும். மருந்துக் கடைக்கு ஒருநாள் நடக்க வேண்டிய மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு, புற்றுநோய் இல்லையாயின், நல்ல நிலையிலுள்ள மறுபாதியை விட்டுவைப்பதே பெரும்பாலும் தகும்.

மற்றொன்று. கீறல் சிறிதாயினும் உள்ளே குருதி கசிந்து மூச்சுக்குழலை நெருக்கக் கூடும். இவ்விபத்து பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திற்குள் நேர்வது. அன்றே வீட்டிற்கு அனுப்புவது நகரத்தில் பெருமையாகப் பேசப்படுகிறது. ஆறு மணி நேரம் பேருந்தில் செல்ல வேண்டியவரை அனுப்பாதீர்கள். இரவுப் பணியிலுள்ள செவிலியருக்குத் தையலைப் பிரிக்கக் கற்றுக் கொடுங்கள். கத்தரிக்கோலைக் கட்டிலருகிலேயே வைத்திருங்கள்.