கோலம் போட்ட கை சுவரிலும் வரையும்



சுவரில் அச்சு வைத்துப் பூ வரைவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடையில் இதை ஸ்டென்சில் என்பார்கள். பேருதான் புதுசு. ஓட்டை போட்ட கோலத்தட்டை வாசலில் வைத்து மாவைத் தட்டுறோமே, அதே வேலைதான். மாவுக்குப் பதில் பெயிண்ட், தரைக்குப் பதில் சுவர். பக்கத்துக் கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டம் சாகர் பகுதியில், தீவரு சமூகப் பெண்கள் செம்மண் சுவரில் அரிசிமாவுக் கரைசலால் 'ஹசே சித்தாரா' என்ற சித்திரத்தைத் தலைமுறை தலைமுறையாக வரைகிறார்கள்.

ஆனால் கூலின்னு வந்தா பிரஷ் ஆண்கள் கையில். சுரண்டுறதும் தண்ணி சுமக்கிறதும் நம்ம கையில். ஒரு வேலையிடத்தில் நான் சுவரும் சுரண்டினேன், பார்டர் பூவும் வரைந்தேன். கடைசியில் கொடுத்தது சித்தாள் கூலிதான். அதனாலதான் வேலையோடு கணக்கையும் சேர்த்துச் சொல்றேன்.

முதலில் சுவர். ஓதம் அடித்த சுவரில் எதுவும் நிற்காது; அதைச் சரி செய்த பிறகே பெயிண்ட். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயணும். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், இரண்டு கை எமல்ஷன். அடிக் கலர் ஒரு நாள் காய்ந்த பிறகு நூல் பிடித்துக் கோடு போடுங்க. அச்சை டேப்பால் ஒட்டுங்க. பெயிண்டில் தண்ணி கலக்காதீங்க. ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி எடுத்து, சுவரில் லேசாகத் தட்டுங்க. தேய்த்தால் அச்சுக்கு அடியில் கசியும். அச்சு வாங்கத்தான் வேணும்னு இல்ல. பழைய எக்ஸ்ரே ஷீட்டில் பிளேடால் வெட்டிக்கலாம்.

பூ வேண்டாம் என்பவர்களுக்கு, காய்ந்த வெளிர் கலர் மேல் அதே கலரில் கொஞ்சம் அடர்த்தியானதைக் கசக்கிய துணியால் ஒற்றி எடுத்தால் மேகம் மாதிரி வரும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர சுரண்டாதீங்க, நனைத்துத் தேயுங்க, முகத்தை மூடிக்குங்க. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

இப்போ கணக்கு. நாள் கூலிக்கு ஒத்துக்காதீங்க. சுவர் வேலைக்குச் சதுர அடிக் கணக்கு: 10 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 90 சதுர அடி. பார்டருக்கு நீள அடிக் கணக்கு: 12-க்கு 10 அறையைச் சுற்றி வந்தால் 44 அடி. வேலை தொடங்கும் முன்னே ரேட்டைப் பேசி நோட்டில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்க. பெயிண்ட் செலவும் பஸ் செலவும் தனி.

நம்ம கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல். அதற்கு முன்பு, 1989-ல், பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டுச் சேமிப்புக் கணக்கு எழுதப் பழகியது குழுவில்தான். அதே நோட்டில் இனி சுவரின் அளவையும் எழுதுவோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் குழுவுக்கு ஒரு அச்சு வெட்டிக் கொண்டு வாங்க. நம்ம கூட்டமைப்புக் கட்டடச் சுவரிலேயே போட்டுப் பழகுவோம்.